ஈறுக்கு ஒட்டுப் போட்ட கதை

போன வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது என் வாய்க்குள்ளேயே ஒரு இடமாற்றம் நடந்தது. மேலண்ணத்தில் ஒரு துண்டு சதையை எடுத்து, கீழ்வரிசையில் ஈறு இறங்கிப்போன இரண்டு பற்களின் மேல் வைத்துத் தைத்தார்கள். தங்கமணி முறுக்கு சுட்டு டப்பாவில் அடுக்க, நான் ஆறிப்போன ரசஞ்சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வலியைப் பற்றிப் புலம்பத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் வீட்டில் படுத்துக்கிடந்த நாட்களில், இந்த வைத்தியத்தை யார்தான் கண்டுபிடித்தார்கள் என்று தேடப்போய், அது புனே, ஸ்வீடன், டென்மார்க் என்று சுற்றிக் கடைசியில் என் அப்பாவின் பல்செட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. அதனால் இந்தப் பதிவில் புலம்பல் கொஞ்சம், சரித்திரம் நிறைய. பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் என் கதை. இரண்டு வருஷமாகவே ஐஸ் தண்ணீர் குடித்தால் கீழ்ப்பல் சுரீர் என்று கூசும். பல் கூச்சத்துக்கென்று விற்கிற பேஸ்ட்டை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தேன். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் கோரைப்பல்லும் அதற்குப் பக்கத்துப் பல்லும் மற்றதைவிட நீளமாகத் தெரிந்தன. பல் வளர்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பல் வளரவில்லை, ஈறு கீழே இறங்கியிருந்தது. நான் பார்த்தது பல்லின் வேரை.

ஈறு டாக்டரம்மா மராத்திக்காரர். நாங்கள் பேசிக்கொள்வது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். மெல்லிய அளவுகோல் ஒன்றை வைத்து "நாலு மில்லிமீட்டர்" என்று குறித்துக்கொண்டவர், என்னிடம் திரும்பினார்.

"எந்த பிரஷ் சார்?"

"ஹார்ட்."

"எவ்வளவு நேரம்?"

"காலையில பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம்" என்றேன் பெருமையாக.

"நீங்க பல் விளக்கல சார். பாத்திரம் தேய்க்கிறீங்க."

அதோடு விடவில்லை. இறங்கின ஈறு தானாகத் திரும்ப ஏறாது, நகம் மாதிரி, முடி மாதிரி வளராது என்றும் சொன்னார். ஏறவேண்டும் என்றால் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்துத்தான் தைக்கவேண்டும்.

சுத்தமாக இருந்ததற்கா தண்டனை என்று எனக்கு ஒரே கோபம். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றியாக வேண்டும்.

என் அப்பா பிறந்தது 1950-ல், இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 'இந்தியாவுக்கு' என்று எழுதப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பிறந்தது அங்கேதான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குப் பல் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொன்றாகப் போய், நான் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் முழு பல்செட். அவருக்கு அப்போது வயது 45. ராத்திரி ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டு வைப்பார். காலையில் எழுந்ததும் அந்த டம்ளர்தான் கண்ணில் படும்.

"சின்ன வயசுல ஒழுங்கா பல்லு விளக்கியிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். படிக்கிற பையன் என்ற திமிர். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஹார்ட் பிரஷ்தான். அப்பா மாதிரி ஆகிவிடக்கூடாது என்று 30 வருஷம் தேய்த்ததில்தான் ஈறு தேய்ந்திருக்கிறது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். ஓரிடத்துச் சதையை இன்னோரிடத்தில் ஒட்டவைப்பது என்றதும், முதல் அத்தியாயம் நான் 18 வருஷமாகக் குடியிருக்கும் இந்தப் புனேயிலேயே கிடைத்தது.

1794 அக்டோபரில் லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகையில் ஒரு கடிதம் படத்தோடு அச்சானது. கவாஸ்ஜி என்ற மராட்டியர், ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். 1792 மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார் என்கிறது அந்தக் கடிதம். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே ஒருவர் புது மூக்கு வைத்தார். வைத்தவர் ஆஸ்பத்திரி டாக்டர் இல்லை. செங்கல் சூளைக்காரர் வகுப்பைச் சேர்ந்தவர் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

செய்முறை இது. மெழுகில் மூக்கின் அளவுக்கு ஒரு தகடு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டுக்கொள்கிறார்கள். கோட்டின்படி நெற்றித் தோலை உரிக்கிறார்கள். ஆனால் முழுதாக வெட்டி எடுப்பதில்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு பட்டை தோல் தொடர்பு அறாமல் இருக்கும். அந்தப் பட்டையைத் திருகி, தோலைக் கீழே இறக்கி மூக்கில் பொருத்துகிறார்கள். மேலே காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஐந்தாறு அடுக்கு. (ஆமாம், வெற்றிலைக்குப் போடுகிற அதே காசுக்கட்டிதான்.) நாலு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. சுமார் 25-ஆம் நாள், புது இடத்தில் தோல் பிடித்துக்கொண்டபிறகுதான், கண்ணுக்கு நடுவே இருக்கும் அந்தப் பட்டையை அறுத்துவிடுகிறார்கள்.

விஷயமே அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. புது இடத்தில் வேர் பிடிக்கும்வரை பழைய இடத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த லண்டன் டாக்டர் கார்ப்யூ, பிணங்களில் பல வருஷம் பழகிப் பார்த்துவிட்டு 1814-ல் அதே முறையில் மூக்கு வைத்தார். ஐரோப்பாவின் நவீன பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அது ஒரு தொடக்கம்.

இதற்கெல்லாம் மிக முந்தைய சுஸ்ருத சம்ஹிதையிலும் கன்னத்துச் சதையை எடுத்து மூக்கு வைக்கும் முறை இருக்கிறது. அதே நூல், பல்லடியில் அதாவது ஈறுகளில் வரும் நோய்கள் மட்டும் 15 என்று எண்ணி வைத்திருக்கிறது. ஆனால் மூக்குக்குச் செய்ததை ஈறுக்கும் செய்து பார்ப்போமே என்ற யோசனை வர இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஏன் இத்தனை தாமதம்? ஒன்று, வலி. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் கத்திக்குக் காட்ட யாரால் முடியும்? 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், சிரிப்பூட்டும் வாயுவை இழுத்துவிட்டுத் தன் கடைவாய்ப்பல்லையே பிடுங்கிக்கொண்டார். வலி தெரியவில்லை. மயக்க மருந்தின் வரலாற்றில் பெரிய நாள் அது. அந்தப் பல்லைப் பிடுங்கியவர் பெயர் ஜான் ரிக்ஸ். இதே ரிக்ஸ்தான் பிற்பாடு ஈறு நோயில் பெயர் வாங்கினார். பல்லைச் சுற்றிக் கட்டும் காறையைச் சுரண்டி எடுத்தால் ஈறு நோய் அடங்கும் என்று சொல்லி, 1876-ல் அதை எழுதியும் வைத்தார். அமெரிக்காவில் அந்த நோய்க்கே 'ரிக்ஸ் வியாதி' என்று பெயர் வந்தது. நம்ம ஊர்ப் பல்பொடி விளம்பரங்களில் வருமே 'பயோரியா', அது இதுதான்.

இரண்டாவது காரணம், ஈறு இறங்குவது வயசாவதின் அடையாளம் என்று எல்லோரும் நம்பியது. 'தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே' என்று நம் ஊரில் சொல்வதற்கும் பல்லுக்கும் வயசுக்கும் உள்ள சம்பந்தம்தானே காரணம்? வியன்னாவில் காட்லீப் போன்ற பெரிய ஆராய்ச்சியாளர்களே, பல் வாழ்நாள் முழுக்க மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கிறது, ஈறு விலகுவது அதன் ஒரு பகுதி என்று 1930-களில் எழுதினார்கள். நரைக்கு யாராவது ஆபரேஷன் செய்வார்களா?

இருந்தாலும் சிலர் முயன்றிருக்கிறார்கள். 1902-ல் யங்கர், 1906-ல் ஹார்லன், 1911-ல் ரோசென்தால் என்று மூன்று பேர் சதையைக் கொண்டு வெளியே தெரிந்த வேரை மூடிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். 1981-ல் பேயர், பெஞ்சமின் என்ற இருவர் பழைய இதழ்களைப் புரட்டி எழுதியபோதுதான் அந்தப் பெயர்கள் மறுபடி வெளியே வந்தன.

நிலைத்து நின்ற முறை 1956-ல் வந்தது. அமெரிக்காவில் க்ரூப், வாரன் என்ற இரண்டு பேர், ஈறு இறங்கிய பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் ஈறைக் கீறி, அடிப்பக்கம் அறாமல், அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி வேரை மூடித் தைத்தார்கள். புனே மூக்கு நினைவுக்கு வருகிறதா? அதே தத்துவம்தான், அடியில் தொடர்பு அறக்கூடாது. அடுத்த வருஷம் ஃப்ரீட்மன் என்பவர் இந்த மாதிரி சிகிச்சைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுப்பெயரும் வைத்தார்.

இதில் ஒரு சிக்கல். பக்கத்து வீட்டில் கடன் வாங்கவேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் இருக்கவேண்டும். பக்கத்துப் பல்லிலும் ஈறு மெலிந்திருந்தால்? அதற்கு 1963-ல் ஸ்வீடனிலிருந்து பதில் வந்தது. பியோர்ன் என்பவர், தொடர்பே இல்லாமல் முழுதாக வெட்டி எடுத்த துண்டு ஈறை இன்னோரிடத்தில் வைத்துத் தைத்தால் அது பிழைத்துக்கொள்கிறது என்று எழுதினார். (மரத்துப்போக இன்றைக்கும் போடுகிற லிடோகெய்ன் ஊசி மருந்தை 1943-ல் உருவாக்கியதும் ஸ்வீடன்காரர்தான், லாஃப்க்ரேன். என் தாடை மரத்துக் கிடந்தபோது அந்த நாட்டுக்கு மனசார நன்றி சொன்னேன்.) 1968-ல் சல்லிவன், அட்கின்ஸ் என்ற அமெரிக்கர்கள் இதை முறைப்படுத்தி எழுதியபிறகு, மேலண்ணத்தில் எடுத்து ஈறில் வைப்பது ஊரெல்லாம் பரவியது.

வெட்டி எடுத்த சதை எப்படிப் பிழைக்கிறது? அதையும் அதே 1968-ல் குரங்குகளில் பார்த்து எழுதினார்கள் ஆலிவர், லோ, காரிங் ஆகிய மூவர். முதல் இரண்டு மூன்று நாள் அந்தத் துண்டுக்கு ரத்தமே கிடையாது. கீழே இருக்கும் புண்ணிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருக்கும். பிறகு கீழேயிருந்து மெல்லிய ரத்தக்குழாய்கள் அதற்குள் வளரும். பத்துப் பதினோரு நாளில் ஓட்டம் நிலைபெறும். முழுதாக முதிர ஆறு வாரம். அந்த முதல் சில நாளில் துண்டு அசைந்தால் போச்சு. டாக்டரம்மா என்னிடம் 'உதட்டை இழுத்து இழுத்து கண்ணாடியில பாக்காதீங்க' என்று நாலு தடவை சொன்னதன் அர்த்தம் இதைப் படித்தபிறகுதான் விளங்கியது. (நாலு தடவை சொல்லியும் இரண்டு தடவை பார்த்தேன் என்பது வேறு விஷயம் :-) )

இப்போது இந்த சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்று ஓர் ஊர். அங்கே காரிங்கும் கூட்டாளிகளும் கேட்ட கேள்வி இது: இடம் மாறிய சதை, போன இடத்துக்குத் தகுந்தபடி மாறிவிடுமா, பிறந்த இடத்துக் குணத்தோடேயே இருக்குமா?

வாய்க்குள் இரண்டு வகை மேல்தோல் உண்டு. பல்லை ஒட்டியிருக்கும் ஈறும் மேலண்ணமும் கெட்டி. அதற்குக் கீழே உதட்டுப்பக்கம் போகும் தோல் மென்மை, இழுத்தால் வரும். கெட்டி ஈறை எடுத்து மென்தோல் இருக்கும் இடத்தில் வைத்தால் அது கெட்டியாகவே இருந்தது. மென்தோலை ஈறு இடத்தில் வைத்தால் மென்மையாகவே இருந்தது. இது 1971. அடுத்து 1975-ல் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். மேல்தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் சதையை மட்டும் இடம் மாற்றினார்கள். அதன்மேல் சுற்றுவட்டாரத்து மென்தோல்தான் வந்து படர்ந்தது. ஆனால் ஈறின் உள்சதைமேல் படர்ந்த தோல் கெட்டித்தோலாக மாறிவிட்டது. மேலே எந்தத் தோல் வளரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சதை என்று அதில் தெரிந்தது.

ஒட்டு மாங்கன்று வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி புரிந்துவிடும். எந்த ஊர் மண்ணில் நட்டாலும், ஒட்டுக்கிளை எந்த மரத்திலிருந்து வந்ததோ அந்த மரத்துப் பழம்தான் காய்க்கும். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கெல்லாம் இதைப் படித்தால் வேறு ஏதேதோ தோன்றும். அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஆர்ஹுஸ் குழுவில் மேலே சொன்ன லோ, ஹரால்டு லோ, நார்வேக்காரர். 1965-ல் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் விளக்கவேண்டாம் என்று சொல்லி வைத்துப் பார்த்தவர். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, மறுபடி விளக்கியதும் சரியானது. ஈறு வீங்க அழுக்குப்படலமே காரணம் என்று நிரூபித்த சோதனை அது. 1972-ல் லாங் என்பவரோடு சேர்ந்து, பல்லைச் சுற்றி 2 மில்லிமீட்டராவது கெட்டி ஈறு வேண்டும் என்றும் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கெல்லாம் ஒட்டுப் போட ஆரம்பித்தார்கள். சுத்தமாக வைத்திருந்தால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் தாங்கும் என்று 1980-களில் ஸ்வீடனின் வென்ஸ்ட்ரோம் போன்றவர்கள் காட்டியபிறகு அந்த வேகம் தணிந்தது. வைத்தியத்திலும் ஃபேஷன் உண்டு.

இனி நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்த இடம்.

வைத்தியமே செய்யாமல் விட்டால் ஈறு நோய் ஒரு மனிதனின் வாழ்நாளில் எப்படிப் போகும்? இதைத் தெரிந்துகொள்ள லோ குழு இரண்டு கூட்டங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தது. ஒன்று, நார்வேயின் ஓஸ்லோ நகரத்து மாணவர்களும் கல்விமான்களும், 565 ஆண்கள், 1969 முதல். பள்ளிப் பருவத்திலிருந்தே பல் டாக்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள். இன்னொன்று, பல் மருத்துவமோ தடுப்புத் திட்டமோ எட்டிப்பார்க்காதவர்கள், 480 ஆண்கள், 1970 முதல். அவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்.

இலங்கைத் தோட்டங்களில் தேயிலை வேலை செய்தவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும். காப்பித் தோட்டக் காலத்திலிருந்து நம் ஊர்களிலிருந்து கங்காணி கூட்டிப்போன ஜனங்களின் பிள்ளைகள். 1948 சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போனவர்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்டவர்கள். ஆராய்ச்சி தொடங்கிய 1970-ல் என் அப்பாவும் அந்த மலையில் ஏதோ ஒரு தோட்டத்தில் 20 வயது இளைஞர்.

1986-ல் வந்த முடிவு உலகத்துப் பல் மருத்துவப் புத்தகங்களில் எல்லாம் ஏறியது. அந்தத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் பல்லில் காறை, எல்லோருக்கும் ஈறு வீக்கம். இருந்தும் நோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி முற்றவில்லை. 100-க்கு 81 பேருக்கு நிதானமாகப் போனது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. 8 பேருக்குத்தான் வேகமாகப் போய், 45 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பல்லும் விழுந்தன. ஒரே லயம், ஒரே சாப்பாடு, அதே விளக்காத பல். வித்தியாசம் அவரவர் உடம்பில்.

45 வயது என்று படித்ததும் எனக்கு அந்த டம்ளர்தான் கண்முன் வந்தது.

1992-ல் இதே இரண்டு கூட்டங்களை வைத்து ஈறு இறக்கத்தைப் பற்றி மட்டும் தனியாக எழுதினார்கள். தோட்டத்தில் 20 வயதுக்குள் 100-க்கு 30 பேருக்கு மேல் ஈறு இறங்கியிருந்தது, 40 வயதில் எல்லோருக்கும். பல்லின் வெளிப்பக்கம், நாக்குப்பக்கம், இரண்டு பல்லுக்கு நடுவில் என்று எங்கும். இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் ஓஸ்லோவில். விழுந்து விழுந்து பல் விளக்கிய கூட்டத்தில் 20 வயதிலேயே 100-க்கு 60 பேருக்கு ஈறு இறங்கியிருந்தது! 50 வயதை நெருங்கும்போது 90 பேருக்கு மேல். ஆனால் முக்கியமாக வெளிப்பக்கம் மட்டும், பிரஷ் படுகிற பக்கம். ஆக ஈறு இறக்கம் இரண்டு வகையாவது இருக்கவேண்டும், ஒன்று நோயால், இன்னொன்று தேய்ப்பு போன்ற காரணங்களால் என்று முடித்தார்கள்.

அப்பாவுக்கு வந்தது தோட்டத்து வகை. எனக்கு வந்தது ஓஸ்லோ வகை. ஒரு தலைமுறையில் எங்கள் குடும்பம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்!

சிரிப்பாக எழுதினாலும் இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானது இல்லை. 1985-ல் அமெரிக்காவின் மில்லர் ஈறு இறக்கத்தை நாலு வகுப்பாகப் பிரித்தார். இரண்டு பல்லுக்கு நடுவில் எலும்பும் ஈறும் குறையாமல் இருந்தால் ஒட்டுப் போட்டு வேரை முழுதாக மூடலாம், அது முதல் இரண்டு வகுப்பு. நடுவில் குறைந்திருந்தால் பாதிதான் மூடும். அடியோடு போயிருந்தால் வேர் மூடும் என்று எதிர்பார்க்கவே முடியாது. இத்தாலியின் கெய்ரோ 2011-ல் இதைச் சுருக்கி மூன்று வகையாக்கினார். 2017-ல் சிகாகோவில் கூடிய உலக மாநாடு அந்தப் புதுப் பிரிவையே எடுத்துக்கொண்டது. எப்படிப் பிரித்தாலும் கேள்வி ஒன்றுதான், பல்லுக்கு நடுவில் மிச்சம் இருக்கிறதா? எனக்கு இருந்தது. அப்பாவுக்கு இருந்திருக்காது.

எனக்குச் செய்த முறையும் அதே 1985-ல் பிறந்ததுதான். அதற்கு முன் மேலண்ணத்துத் துண்டை மேல்தோலோடு வெட்டி வைத்தார்கள். அதில் இரண்டு குறை. நிறம் சேராது, ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டின மாதிரி வெளுப்பாகத் தெரியும். அதைவிடப் பெரிய குறை, வேரின்மேல் ரத்தக்குழாய் கிடையாது, வெறும் வேர்மேல் வைத்த சதை பட்டினியில் செத்துப்போகும். லாங்கர் தம்பதி (மேலே வந்த லாங் வேறு, இவர்கள் வேறு) ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அண்ணத்தில் ஒரு கதவு மாதிரித் தோலைத் திறந்து, உள்சதையை மட்டும் எடுத்துக்கொண்டு, கதவை மூடித் தைத்துவிடுவது. எடுத்த சதையை ஈறுக்கும் எலும்புக்கும் நடுவில் செருகுவது. கீழேயும் ரத்தம், மேலேயும் ரத்தம். நிறமும் ஒத்துப்போகும். 56 பேருக்குச் செய்து, 2 முதல் 6 மில்லிமீட்டர்வரை வேர் மூடியதாக எழுதினார்கள். உள்சதையை மட்டும் எடுத்தால் போதும் என்பதற்கு 1975 ஆர்ஹுஸ் சோதனையே ஆதாரம். அந்த வருஷமே ஜெர்மனியின் ராட்ஸ்கே, மேலே கீறாமல் உறை மாதிரிப் பிரித்து உள்ளே செருகும் முறையை எழுதினார். அண்ணத்தில் கத்தி வைக்கப் பயப்படுகிறவர்களுக்காக, பதப்படுத்திய தானத்தோலைப் பயன்படுத்துவது 1990-களில் வந்தது. ஆனாலும் சொந்தச் சதைக்குத்தான் இன்றும் முதல் மரியாதை.

என் வாயில் நடந்ததும் இதேதான். ஒன்றேகால் மணி நேரம். ஈறு வலித்ததைவிட அண்ணம் வலித்தது. இரண்டு வாரம் தைத்த பக்கம் பிரஷ் வைக்கவில்லை, மருந்துத் தண்ணீரில் கொப்பளிப்பு மட்டும். இப்போது ஐஸ் தண்ணீர் தைரியமாகக் குடிக்கிறேன். பிரஷ் சாஃப்ட், அதையும் பேனா பிடிக்கிற மாதிரி மூன்று விரலில். ஹார்ட் பிரஷ்ஷை தங்கமணி எடுத்து வாஷ்பேசின் தேய்க்க வைத்துக்கொண்டார்.

தையல் பிரித்த அன்று கூடலூருக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு வயது 75. படித்ததையெல்லாம் சொன்னேன். 480 பேர், 8 பேர், 45 வயது, எல்லாம். பல் போனது விளக்காததால் மட்டும் இல்லைப்பா, உடம்பு வாகும் சேர்ந்தது என்றேன். பிளஸ் டூ காலத்தில் கேட்டதற்கு மன்னிப்பு கேட்கத்தான் போன் போட்டேன். அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லயத்துல அடுப்புக்கரிதான் பல்பொடி. பல்லு வலின்னா புடுங்கறதுதான் வைத்தியம். அதுக்கும் அரைநாள் பேரு போயிரும்னு வலியோடயே மலைக்குப் போவோம்" என்றார்.

அப்புறம் கேட்டார். "ஏன்டா, இத்தன வருஷம் வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்து எழுதிட்டுப் போனாங்களே, அவங்க பேரெல்லாம் அந்தப் புத்தகத்துல இருக்கா?"

இல்லை என்றேன். 2010-ல் மறுபடி போய்த் தேடியபோது 480 பேரில் 75 பேரைத்தான் பார்க்க முடிந்தது என்பதைச் சொல்லவில்லை.

"செரி, நீ கரகரன்னு தேய்க்காத. பேத்திக்கும் சொல்லு" என்று போனை வைத்துவிட்டார்.

க்ரூப், பியோர்ன், மில்லர், லாங்கர் என்று பெயர்களாகவே எழுதி வந்திருக்கிறேன். புனேயில் மூக்கு வைத்த செங்கல் சூளைக்காரருக்கும் பெயர் இல்லை, வாயைத் திறந்து காட்டிய 480 பேருக்கும் பெயர் இல்லை. இத்தனை பேர் சேர்ந்து கற்றுக்கொடுத்ததில்தான் என் இரண்டு பல் இன்று கூசாமல் இருக்கிறது.

பி.கு.: உங்கள் வீட்டில் யாருக்காவது பல் 'வளர்ந்த' மாதிரி தெரிந்தால் பேஸ்ட்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், ஈறு டாக்டரிடம் காட்டுங்கள். எல்லா இறக்கத்துக்கும் ஒட்டுத் தேவைப்படாது, பிரஷ்ஷை மாற்றினாலே பலருக்கு அங்கேயே நின்றுவிடும். அப்பா அம்மாவின் பல்செட்டைப் பார்த்து என்னை மாதிரி ஏதாவது கேட்டு வைத்திருந்தால், அவர்களுக்கும் ஒரு போன் போடுங்கள்.